பெட்டு சாரும் ஜன்னல் அறையும்

அப்பாவை வேலை பார்த்த இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெட்டு சார் என்றால்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், உள்ளே சேர வருகிற நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்குகிற மேஜையில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் வருகிறவரை ஒரு பார்வை, டாக்டர் சீட்டை ஒரு பார்வை. "ஆறாவது வார்டு, நாலாம் நம்பர்" என்பார். அரை நிமிஷம்கூட ஆகாது. எந்தக் கட்டிலின் சக்கரம் மக்கர் பண்ணும், எந்தக் கட்டிலுக்கு மேல் மின்விசிறி கடகடக்கும், எது கழிவறைக்குப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் எழுதி வைத்ததை மாற்றச் சொல்லி பெரிய டாக்டர்கள்கூடக் கேட்டதில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், ஒரு கப்பலில் இரண்டே பேருக்கு ஓர் அறை பிடிக்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கப்பலில் போவது அம்மாவின் ஆசை. அம்மா குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவள். அங்கே பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாளாம். ஓய்வு பெற்ற மறுநாளே சொல்லிவிட்டாள்.

"அஞ்சு நாள் கப்பல்ல போகணும். படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஜன்னல் வைத்த அறை என்று ஒன்று இருக்கும், அதை எடுத்தால் தீர்ந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் டிராவல்ஸ் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன்.

அந்த ஆபீஸில் இரண்டு மேஜை, ஒரு பிளாஸ்டிக் செடி, சுவர் முழுக்கக் கப்பல் படம். அங்கிருந்த பெண் மேஜையின் அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரித்தாள். தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி கட்டம் கட்டமாக அறைகள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறம்.

"இது உள் கேபின், ஜன்னல் இருக்காது. இது ஜன்னல் கேபின். இது பால்கனி. ஜன்னல்லயே ரெண்டு வகை இருக்கு மேடம், முழு ஜன்னல், மறைப்பு ஜன்னல். மறைப்புன்னா ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும்."

"அப்ப கடலு?" என்றாள் அம்மா.

"படகுக்கு மேல கொஞ்சம் தெரியும்."

அம்மா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டாள். அந்தப் பெண் காட்டினாள். நான் திரும்ப நேராக வைத்தேன். இப்போது எல்லாம் தலைகீழாகிவிட்டது. 6214-க்குப் பக்கத்தில் 6215-ஐத் தேடினால் அது கப்பலின் எதிர்ப்பக்கத்தில் கிடந்தது. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை இன்னொரு பக்கமாம். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் அந்தப் பெண்ணுக்கே எது இடது எது வலது என்று சந்தேகம் வந்துவிட்டது.

இவ்வளவு நேரமும் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, எந்த ரூம்ல ஏறுனவங்க ரெண்டாம் நாளே வேற ரூம் கேக்குறாங்க?"

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். "அப்படி லிஸ்ட் எதுவும் இல்ல சார்."

"எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஒருத்தருக்குத் தெரியும்."

"சார், உங்களுக்குக் குழப்பமா இருந்தா நம்பரே தேர்ந்தெடுக்க வேண்டாம். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி கம்பெனியே ஒதுக்கிக் குடுத்துடுவாங்க."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "யாரு ஒதுக்குறது?"

"சிஸ்டம் சார்."

"சிஸ்டத்துக்குப் பின்னாடி ஒரு ஆளு உக்காந்திருப்பாரு. அவர்கிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும். வாயைத் திறந்து கேக்காதவங்களை எந்த மூலையில போடுவோம்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததோடு சரி. அடுத்த ஐந்து வாரம் வீட்டில் சிரிப்பே இல்லை.

அப்பா கட்டம் போட்ட பெரிய தாள்களில் கப்பலின் எல்லாத் தளங்களையும் பென்சிலால் வரைந்தார். சாப்பாட்டு மேஜை கப்பலானது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நான் ஒரு ஜன்னல் அறையைக் காட்டுவேன். அதற்கு மேலே நடன மண்டபம் இருக்கிறது, தூங்க முடியாது என்பார். இன்னொன்றைக் காட்டுவேன். அது முன்கோடி, நங்கூரம் இறக்குகிற சத்தம் தூக்கிப்போடும் என்பார். வேறொன்று பின்கோடி, எஞ்சின் அதிரும். நடுவில் ஒன்று கிடைத்தது. வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்றார்.

"திரைச்சீலை இருக்கும்லப்பா."

"இருக்கும். அது சரியா மூடுமோ என்னமோ."

அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் விசாரித்தால் நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை குறையும் ஜன்னல் அறைகளுக்கு மட்டும் எப்படி வந்து சேர்ந்தது? உள் அறைகளைப் பற்றிப் பேசும்போது மனுஷருக்குக் குரலே மாறிவிடும். "6171 பாத்தியா? நடு மத்தி. ஆட்டமே தெரியாது. லிஃப்ட் நாலு எட்டுல இருக்கு. அருமையான ரூம்."

"அது குளிர்கிடங்கு" என்றாள் அம்மா. "அங்க நின்னது போதும். ஜன்னல் இல்லன்னா நான் வரல. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

அவர் பென்சிலைச் சீவினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்துவிட்டதாக நினைப்பு. அடுப்படியில் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஊர்ல இருக்குற அத்தனை பேருக்கும் ஜன்னல் குடுத்தாரு. கட்டுனவளுக்குன்னா மட்டும் கை வராது அவருக்கு."

இது ஒன்பது வருஷத்துப் புண். அம்மாவுக்குக் குடலில் ஆபரேஷன் நடந்து, அப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே இருபத்திரண்டு நாள் கிடந்தாள். ஆறாவது வார்டு, ஏழாம் நம்பர். நட்டநடு வரிசை. எதிரே சுவர். வார்டின் கோடியில் ஜன்னலோரக் கட்டில் மூன்று நாள் காலியாகக் கிடந்தது. அங்கே போடுங்களேன் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். "அது வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் பார்க்காமல் போனாராம். அதற்கப்புறம் உறவுக்காரர்கள் யார் வந்தாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், அம்மா அதை அந்தக் காலிக் கட்டிலில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானம் டிராவல்ஸ் பெண் போன் செய்தாள். இனி இரண்டே அறைகள்தான் மிச்சம். ஜன்னலோடு 6214, ஜன்னல் இல்லாமல் 6171. நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் அவையும் போய்விடும் என்றாள்.

நான் பொறுமையை இழந்தேன். அப்பாவிடம் அப்படி நான் கத்தியதே இல்லை.

"6214-ல என்னப்பா குறை? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அம்மா வாழ்க்கையில கேட்டது ஒரு ஜன்னல். உங்களுக்கு அப்படி என்ன பிடிவாதம்?"

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பெட்டு யாருக்குக் குடுப்போம்னு உனக்குத் தெரியாது பாப்பா" என்றார்.

பிறகு சொன்னார். எந்தச் சட்டத்திலும் எழுதாத வழக்கம் அது. ஒவ்வொரு வார்டிலும் கோடியில், ஜன்னலோரம் கொஞ்சம் இடம் அதிகம். தட்டி வைத்து மறைக்கலாம். சொந்தக்காரர்கள் நாலு பேர் சுற்றி உட்காரலாம். அதனால் இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரை அங்கே மாற்றுவார்கள். வார்டின் பெரிய சிஸ்டர் மேஜைக்கு வந்து, "இவருக்கு ஜன்னல் குடுங்க சார்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அப்பா பென்சிலால் எழுதுவார். இரண்டு நாளில், மூன்று நாளில் அழிப்பார். சிபாரிசு பிடித்து ஜன்னல் கேட்டு வருகிறவர்களிடம் முடியவே முடியாது என்பார். ஆள் பார்த்துக் கொடுக்கிறார் என்று அவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். அவர்களிடம் எதைச் சொல்வது?

"அந்தப் படத்துல ஜன்னல் போட்ட கட்டத்துல உங்கம்மா பேரை எழுதப் போனாலே கை நின்னுடுது. கப்பல் வேற, ஆஸ்பத்திரி வேறன்னு எனக்குத் தெரியாதா? தெரியுது. ஆனா முடியல."

எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தியதற்கு வெட்கம். சிரிப்பதா அழுவதா என்றும் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்தாள்.

"அப்பா, இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னார். தலையை நிமிர்த்தாமல், என்னிடம் சொன்னதில் பாதி வார்த்தைகளில் சொல்லி முடித்தார். அம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஒம்பது வருஷமா பாக்குறவங்ககிட்ட எல்லாம் உங்களைக் கரிச்சுக் கொட்டுனேனே! இது இப்படின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? கல்லு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!"

"நீ அந்த வார்டுல இருக்கும்போது அதை எப்படி உங்கிட்ட சொல்றது? அப்புறம் சொல்லத் தோணல."

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். எதையோ கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என்ன கணக்கு என்று தெரியவில்லை.

"அந்தக் கட்டில் மூணு நாள் காலியா இருந்துச்சே" என்றாள். "வார்டுல அத்தனை கூட்டம். தரையில பாய் போட்டுக்கூட ஆள் கிடந்துச்சு. அதை மட்டும் யாருக்குன்னு வெச்சிருந்தீங்க?"

அப்பா பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்தார்.

"என்னங்க, யாருக்குங்க?"

"உனக்குத்தான்" என்றார் அப்பா. "பெரிய சிஸ்டர் உனக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. மூணு நாளும் காலையில வந்து நின்னாங்க. நான் எழுதல."

இருபத்தொன்பது வருஷத்தில் சிஸ்டர் சொல்லி அவர் எழுதாத பெயர் அது ஒன்றுதான். நாலாம் நாள் சிஸ்டர் வேறு ஆளுக்குக் கேட்டார். அதை எழுதினாராம். அம்மா ஏழாம் நம்பரிலேயே கிடந்து, சுவரைப் பார்த்து அவரைத் திட்டித் திட்டியே எழுந்து உட்கார்ந்தாள்.

கடிகாரத்தில் நாலு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. அதைச் சொல்லலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அம்மாதான் போனை எடுத்தாள். டிராவல்ஸ் நம்பரை அழுத்தி அப்பாவின் கையில் வைத்தாள்.

"அன்னைக்குக் குடுக்காதது நல்லதாப் போச்சு" என்றாள். "இப்ப குடுங்க."

அப்பா போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் அந்தப் பெண் இரண்டு தடவை ஹலோ சொன்னது எனக்கே கேட்டது.

"6214 குடுத்துடும்மா" என்றார். அம்மாவின் பெயரை முதலில் சொன்னார், எழுத்து எழுத்தாக. பிறகுதான் தன் பெயர். அந்தப் பெண் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் போனை வைக்காமல் சொன்னார்.

"ஜன்னல் பக்கம் படுக்குறது அவங்க."