ட்வீட்டருக்கு அவள் காது

ஸ்பீக்கர் பழுது பார்க்கிற எனக்குக் கை மட்டும்தான் சொந்தம். காது என் மனைவியுடையது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. பழைய பெட்டிகளைப் பிரித்து, ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கோனை ஒட்டி, கறுத்த மரத்தைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பேன். ட்வீட்டர் மட்டும் கண்ணைப் பிடுங்கும் வேலை. பெட்டியின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அது. ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான சத்தமெல்லாம் அது வழியாகத்தான் வரும். உள்ளே இருக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. அதைப் பற்றவைத்து முடித்ததும் பாட்டைப் போடுவேன். அடுப்படியில் இருந்தபடியே, இடது பக்கம் லேசாகக் கரகரக்கிறது என்பாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டியதில்லை.

கடைசிப் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அவள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு ஒரு மாதம் வேலை வந்தால் மூன்று மாதம் ஈ ஓட்டுவேன். வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில். மிஷின் ஓடுகிற இடத்தில் பேச்சு கேட்காது, வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம் என்று வந்து சொல்வாள். கேட்டுவிட்டு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், மடையன்.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். சாணார்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு ஜோடிப் பெட்டி கொண்டுவந்தார். கல்யாணமான புதிதில் வாங்கியதாம். ஒன்றில் ட்வீட்டர் ஊமை. மூன்று நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். ஜால்ரா எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் வந்து நின்று, அது பேசவில்லையே என்றாள். எனக்கு என் காது மேல்தான் சந்தேகம் வந்தது. பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அப்போதும் இல்லை என்றாள். மூன்றாம் தடவை எரிச்சலில் இழுத்த இழுப்பில் நன்றாக இருந்த கம்பி அடியோடு அறுந்தது. மதுரை வரை அலைந்தும் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. கடைசியில் வேறு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"விசில் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

மறுவாரம் மதுரைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே நரம்பு தேய்ந்துவிட்டது, போனது வராது, மில்லை விட்டால் மிச்சமாவது நிற்கும் என்றார். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் செக்‌ஷனில் எல்லாருக்கும் இப்படித்தான் என்றாள். வேலையை விட்டுவிடு என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் திண்டுக்கல் வரை அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டே வந்தேன். பெரியவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்த நேரம். திங்கட்கிழமை அவள் மில் பஸ் ஏறினாள். நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் ட்வீட்டர் வேலை முடிந்தால் அவளைக் கூப்பிடுவேன். கூப்பிடாமல் இருந்தால், அவள் காதை நான் நம்பவில்லை என்பது புரிந்துவிடுமே என்று பயம். வந்து நிற்பாள், சரி என்பாள். அவளுக்குக் கொஞ்சமாவது கேட்கிறது என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடியிலிருக்கும் பெரிய ஸ்பீக்கரை மட்டும் மாட்டிப் பாட்டைப் போட்டு, கரகரப்பு இல்லாமல் ஓடுகிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை, அவளாகவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப ஜால்ரா சுத்தமா கேக்குதுங்க" என்றாள்.

ட்வீட்டர் மேஜை மேல் பிரித்தபடி கிடந்தது. நான் அதன் மேல் துணியை இழுத்துப் போட்டு, ஆமாம் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி வாயை அசைத்தேன்.