பெயர் சொல்லிப் பாடியது

புனேயில் தமிழன் எதைப் பாடினாலும் சாமிப் பாட்டு என்றே நினைப்பார்கள். தொண்ணூறுகளில் விஷ்ராந்த்வாடி மெஸ் ஒன்றில் சப்பாத்தி போட்டபடி நான் குத்துப்பாட்டை முணுமுணுப்பேன். சாப்பிட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கும்பிடாத ஒரே ஆள், எம்ரே என்ற துருக்கி மாணவன். அவன்தான் ஒருநாள் தன் ஊர்ப் பாடகர் ஒருவரின் கேசட்டைப் போட்டுக் காட்டினான். நாட்டுப்புற மெட்டு, மின்சார கிதார், கரகரத்த குரல். அரைகுறை இந்தியில் பாடகரின் கதையையும் சொன்னான். இளவயதில் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்து, கிதார் சேர்த்துப் பாடியவர். கூலி கேட்டவர்களை அடித்த ஒரு பண்ணையார்மேல், பெயரைச் சொல்லியே பாட்டுக் கட்டினார். சிறையில் போட்டார்கள். பிறகு ஜெர்மனிக்குப் பாடப் போனவரை நாட்டுக்குள் திரும்ப விடவில்லை. தலை நரைத்து ஊர் வந்தவர், முதல் கச்சேரியில் முதலில் பாடியது அந்தப் பாட்டைத்தான்.

“இந்தத் தடவையாவது பண்ணையார் பேரை எடுத்துட்டாரா?” என்றேன்.

“நஹி பாய். பேரை எடுத்தா வெறும் அழுகைதானே?”

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் செல்வம் பிம்ப்ரிப் பட்டறை ஒன்றில் பிரஸ் மெஷினுக்கு வலது கையைக் கொடுத்திருந்தான். அந்தப் பட்டறையை நடத்திய காண்ட்ராக்டர் தத்தா சேட், “இவனை நான் பார்த்ததே இல்லை” என்று போலீசிடம் சாதித்துவிட்டான். அந்தச் சொல்லை அவன் வாயாலேயே விழுங்க வைக்காமல் புனேயை விட்டுப் போவதில்லை என்றிருந்தேன்.

அந்த வருஷ விநாயகர் சதுர்த்திக்கு, நாங்கள் குடியிருந்த ஏரவாடாவில் போட்ட கணபதிப் பந்தலின் செலவு முழுக்க தத்தாவுடையது. ஆரத்தி முடிந்ததும் மைக்கை அவனே என்னிடம் நீட்டினான்.

“ஏ அண்ணா! ஏக் மதராசி பஜன் ஹோ ஜாயே!”

துருக்கி மெட்டில், தமிழில், அவன் பரம்பரையையே இழுத்து வைத்துப் பாடினேன். அவன் கண்ணை மூடித் தாளம் போட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த சேலத்துக்கார அக்கா பக்கத்துப் பெண்ணை இடித்தாள். “ஏண்டி, நம்மாளு வையிறதே இவனத்தான். இவன் எதுக்குக் கை தட்டுறான்?”

கடைசி அடிகளை இந்திக்கு மாற்றினேன். செல்வத்தின் கையைத் தின்றது யார் மெஷின்? தத்தா சேட்டின் மெஷின்.

தத்தா துள்ளி எழுந்தான். “பொய்! நிறுத்து நிறுத்துன்னு நான் பக்கத்துல நின்னு கத்தினேன்! அவன்தான் கைய விட்டான்!”

பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வம் மணிக்கட்டோடு முடிந்த கையைத் தூக்கினான்.

“அச்சா. அப்ப என்னத் தெரியும், இல்லையா சேட்?”

தத்தாவின் ஆட்கள் என் முன்பற்களை உடைத்தார்கள். பந்தலே சாட்சி சொன்னதால் செல்வத்துக்கு நஷ்டஈடு வந்தது. கை வரவில்லை. என் ஆத்திரமும் போகவில்லை.

இப்போது திருப்பூரில் இருக்கிறேன். அந்தப் பாட்டைப் பாடினால், தத்தா யார் என்று கேட்கிறார்கள். விளக்கம் சொல்லிப் பாடினால் சூடு போய்விடுகிறது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய், அவன் வீட்டு வாசலில் நின்று முழுப் பாட்டையும் பாடுகிறேன். மாடி ஜன்னலை அவன் படீரென்று சாத்துவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது.