அரியலூர் பஸ்ஸில் ஒரு சீன அரண்மனை நாய்

2005-ஆம் வருடம் மே மாதம், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், உச்சி வெயில் நேரத்தில், செத்துக்கொண்டிருந்த ஒரு நாயைப் பற்றி நான் இருபது பேருக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். நாய் என் மடியில்தான் இருந்தது. அது செத்துக்கொண்டிருக்கிறது என்பது மடியில் வைத்திருந்த எனக்கே தெரியவில்லை.

நாய் என்னுடையது அல்ல. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வங்கி அதிகாரியுடையது. சரியாகச் சொன்னால் அவருடைய பத்து வயது மகளுடையது. பக் என்கிற இனம். அப்போது டிவி விளம்பரம் ஒன்றில் இந்த இன நாய் வந்துகொண்டிருந்ததால், பெரம்பலூரிலும் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. யாரோ கதவைச் சாத்தும்போது நடுவில் மாட்டிக்கொண்டது போன்ற முகம். லீவு கேட்கத் தயங்கி மேஜைக்கு முன்னால் நிற்கும் ஊழியரின் பார்வை. தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த எனக்கு அந்தப் பார்வை நன்றாகப் பழக்கம் என்பதால் உடனே பிடித்துப்போனது.

அந்தக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனபோது, ஒரு வாரம் நாயைப் பார்த்துக்கொள்ள நானே முன்வந்தேன். அந்தச் சிறுமி ஒரு நோட்டுத் தாளில் குறிப்பெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். எப்போது சாப்பாடு, முகத்து மடிப்புகளை எப்படித் துடைப்பது என்று வரிசையாக. கடைசி வரி: ‘வெயில் படக் கூடாது.’ அதை நான் ஒரு உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது பின்னால் வரும்.

முதல் நாளே அது விட்ட குறட்டையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெரிய லாரி மேடேறும் சத்தம் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வந்தால் என்ன நினைப்பது? காலையில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே சினைப் பசுக்களுக்கும் கழிச்சல் ஆடுகளுக்கும் நடுவில் வரிசையில் நின்றோம். டாக்டர் பொறுமையானவர். மூக்கைக் குட்டையாக்கி வளர்த்த இனம் இது, ஆனால் உள்ளே இருக்கிற சதை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது, சின்னப் பையில் எட்டு முழ வேட்டியைத் திணித்த மாதிரி மடிந்து கிடக்கிறது, அதனால்தான் இந்தச் சத்தம், இது நோய் இல்லை என்று விளக்கினார்.

இரண்டு நாள் கழித்து நாய் திடீரென்று நான்கு காலையும் விறைத்து, கழுத்தை நீட்டி, விக்கலும் ஊளையும் கலந்த மாதிரி காற்றை உள்ளே இழுக்க ஆரம்பித்தது. கோழி எலும்பு மாட்டிக்கொண்டது என்று என் மனைவி கத்தினார். மறுபடி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் நாய் சகஜமாகி, என் சட்டைப் பொத்தானை மென்றுகொண்டிருந்தது. இந்த இனத்துக்குச் சில சமயம் தும்மல் வெளியே வராமல் உள்ளே போகும் என்றார் டாக்டர். உள்நோக்கித் தும்மும் பிராணி ஒன்று உலகத்தில் உண்டு என்பதை ஐம்பது வயதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது முறை, கண் வெளியே பிதுங்குகிறது என்று போனேன். அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அன்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சார், இது அப்புடித்தான் இருக்கும். இனிமே இதுக்கு மூச்சு நின்னா மட்டும் வாங்க.”

பசு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் புத்தகம் தேடுவது வழக்கம். நூலகத்தில் நாய் இனங்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. பக் இனத்தின் வரலாற்றைப் படித்து மெய்மறந்துபோனேன். சீனத்து அரசர்களின் மடியில் வளர்ந்ததாம். அரண்மனையில் அதற்குத் தனி வேலையாட்களாம். நெற்றிச் சுருக்கம் சீன எழுத்தில் ‘அரசன்’ என்பதுபோல் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகமாம். கப்பலேறி ஐரோப்பா போய், அங்கேயும் ஓர் இளவரசர் தூங்கும்போது குரைத்து எழுப்பி, எதிரிகளிடமிருந்து காப்பாற்றியதாம். அதற்கடுத்த அத்தியாயம் உடல்நலம். வரலாற்றோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். உடல்நலம் பற்றித்தான் டாக்டரே சொல்லிவிட்டாரே.

அந்த வாரக் கடைசியில் மாடி வீட்டுக்காரர் போன் செய்தார். நேராகத் திரும்பி வரவில்லை. ரயிலில் வந்து அரியலூரில் இறங்கி, அப்படியே ஏலாக்குறிச்சிப் பக்கம் மாமியார் வீட்டுக்கு லீவுக்குப் போகிறார்களாம். மகள் நாயைக் கேட்டு அழுகிறாளாம். நாளைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் கொண்டுவந்து தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது என்பதால் ரயில் என்றாலே எங்களுக்கு அரியலூர்தான். ஒரு மணி நேரப் பயணம். இதிலென்ன இருக்கிறது என்றேன்.

காலை ஏழு மணி பஸ்ஸிலேயே போய் ஸ்டேஷன் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் என்றார் என் மனைவி. ஆறு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். பெரிய ஒயர் கூடையில் நாய். ‘வெயில் படக் கூடாது’ என்ற உத்தரவு நினைவில் இருந்ததால், கூடையின் மேல் கனமான துண்டு ஒன்றைப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டியிருந்தேன். ஒரு பொட்டு வெயில் படவில்லை. கண்டக்டர் கண்ணில் படாமலிருக்க டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டிய சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். அது அக்னி நட்சத்திரம். எஞ்சின் மூடி தோசைக் கல்லாக இருந்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் கூடைக்குள்ளிருந்து சத்தம் பெரிதாகிப் பாட்டுச் சத்தத்தையும் மீறியது. துண்டை அவிழ்த்து நாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வாயை முழுக்கத் திறந்து, ரம்பம் அறுப்பதுபோல் இரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் குரங்குக் குட்டியா என்றார். இன்னொருவர், எதிலாவது முட்டிக்கொண்டதா மூஞ்சி சப்பையாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். எனக்கு இது போதாதா? சீனாவில் ஆரம்பித்தேன்.

நான்காவது சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு. கறிக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார் என்பதும், தங்கை பிரசவத்துக்காக அரியலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதும் பிறகு தெரிந்தது.

“சார், அதுக்கு முடியல போலருக்கு” என்றார்.

இந்த இனமே அப்படித்தான், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். சொல்லிவிட்டு நெற்றிச் சுருக்கத்துக்கு வந்தேன். கம்பியைப் பிடித்து நின்றவர்கள்கூடக் குனிந்து, அரசன் என்ற எழுத்து எங்கே என்று தேடினார்கள். அந்தப் பெண் எழுத்தைப் பார்க்கவில்லை. நாயின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“நாக்கப் பாருங்க சார். நாவப்பழம் தின்னாப்புல இருக்கு. எங்க பண்ணையில வெக்கைக்குக் கோழி இப்புடித்தான் வாயத் தொறக்கும். அப்பறம் சாஞ்சிரும்.”

பார்த்தேன். கருநீலமாகத்தான் இருந்தது. ஆனால் அது முன்பு என்ன நிறமாக இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு வாரம் முழுக்க நான் நோய் என்று நினைத்ததெல்லாம் இயல்பாக இருந்திருக்கிறது. இப்போது இது மட்டும் எப்படி நோயாகும்? சீன எழுத்தைக்கூட எனக்கு நினைவிருந்தது, என் மடியில் இருந்த நாயின் நாக்கு நேற்று என்ன நிறம் என்று தெரியவில்லை. டாக்டரை நம்புவதா, கோழிப் பண்ணையை நம்புவதா? குழப்பத்தில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம். நான் இளவரசர் கதைக்குப் போனேன்.

எதிரிகள் கூடாரத்தை நெருங்கும் இடத்தில் நாயின் சத்தம் நின்றது. தலை என் முழங்கை மேல் துவண்டது. இதை எழுதக் கூசுகிறது: எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெண், டிரைவர் தோளிலேயே கையை வைத்து நிறுத்தச் சொன்னார். நாய்க்கெல்லாம் பஸ் நிற்காது என்றார் கண்டக்டர். எனக்கு நிக்கணும், எறங்குறேன் என்றார் இவர். நிறுத்தினார்கள். என் மடியிலிருந்து நாயைப் பிடுங்கிக்கொண்டு அவர் இறங்க, கூடையும் பையுமாக நானும் பின்னால் குதித்தேன். பஸ் போய்விட்டது.

கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு புளியமரமும் ஒரு அடிபம்பும் இருந்தன. அடிங்க சார் என்றார். அடித்தேன். முதலில் வந்த தண்ணீர் கொதித்தது. அதைத் தரையில் விட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகுதான் நாயின் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் விட்டார். நான் கையில் அள்ளி அதன் வாயில் ஊற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“வாயில ஊத்தாதீங்க, பொறையேறிச் செத்துரும். அடிக்கிற வேலைய மட்டும் பாருங்க.”

அந்த வேலையை மட்டும் பார்த்தேன். கூடையை மூடியிருந்த துண்டை நனைத்துத் தரையில் விரித்து, நிழலில் அதன்மேல் நாயைக் கிடத்தினார். விசிற ஏதாவது வேண்டும் என்றார். என் பையிலிருந்து நூலகப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதன் அட்டையால் விசிறினார். அந்தப் புத்தகத்தால் அந்த நாய்க்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

அந்தச் சிறுமியிடம் ஸ்டேஷனில் என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே பம்பை அடித்தேன். அவள் எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. அரை மணி நேரம் இருக்கும். எனக்கு ஒரு நாள் போல இருந்தது. திடீரென்று நாய் கழுத்தை நீட்டி, அந்த விக்கல் ஊளையை இழுத்தது. நான் பதறி எழுந்தேன். உள்நோக்கித் தும்முகிறது என்று புரிய ஒரு நொடி ஆனது. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நாக்கு செவந்துருச்சு” என்றார் அவர். “இனி பொழச்சுக்கும். ஆனா அரியலூர்ல டாக்டர்ட்ட காட்டாம வுட்றாதீங்க.”

நான் அழுதுவிட்டேன். அவர் நாகரிகமாகச் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த பஸ் வரும்வரை, தங்கைக்குக் கொண்டுபோகும் சாப்பாடு தூக்கில் ஆறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நாயை அவரே ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் அந்தச் சிறுமி நாயைக் கட்டிக்கொண்டு, ஏன் அங்கிள் ஈரமா இருக்கு என்று கேட்டாள். குளிப்பாட்டினேன் என்றேன். அவளுடைய அப்பாவைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நேராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாய் அதன் பிறகு பல வருடம் குறட்டை விட்டது.

எது இயல்பு, எது ஆபத்து என்று எனக்கு இன்றும் தெளிவாகத் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஓர் உயிர் திணறும்போது, அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு அந்த மதியம் எனக்கு உதவியிருக்கிறது.

இதை இவ்வளவு அழகாக நான் அன்று சொல்லவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். அவர் தூக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “சார் வாத்தியாருங்களா?” என்று கேட்டார்.

இல்லைம்மா, தாலுகா ஆபீசில் கிளார்க் என்றேன்.

“பரவால்லங்க, புள்ளைங்க தப்பிச்சுது” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்துபோனார்.