குவைத்தில் தெரிந்த ராக்கெட்

ராக்கெட் விடுவதற்கு முன்னால் அதன் சின்ன மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுவந்து பெருமாள் காலடியில் வைத்து எடுத்துப் போவார்கள். எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. ராக்கெட்டுக்கு ஒரு நியாயம், பாஸ்போர்ட்டுக்கு ஒரு நியாயமா? என் கணவர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பியபோது, அவருடைய பாஸ்போர்ட்டை வடமாலபேட்டைக் கோயிலில் சாமி காலடியில் வைத்து எடுத்துவந்தேன். ரெண்டே வருசம் என்று சொல்லித்தான் போனார்.

நான்காவது வருடம் ஒரு செயற்கைக்கோளை விட்டார்கள். வழி காட்டுகிற செயற்கைக்கோளாம். ஆள் எங்கே இருக்கிறார், வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எல்லாம் சொல்லுமாம். காலையிலிருந்து தெலுங்கு டிவியில் அதே பேச்சு. நம் வீட்டு டிரைவருக்காகவே விடுகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் மொட்டைமாடி ஏறி அவருக்கு போன் போட்டேன்.

“மாமா, வெளிய வா. ராக்கெட் வுடப்போறாங்க. கெழக்கால பாரு.”

“இங்கயா?” என்று கேட்டார். ஆனாலும் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அங்கே கொளுத்துகிற மதிய வெயில்.

கிழக்கே புளியமரத்துக்கு மேலே நெருப்பு எழும்பியது.

“தோ, போய்க்கினு கீது மாமா! தெரியுதா?”

“தெரியுது, தெரியுது” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்தோம்.

மறுநாள் திருப்பதியில் நான் வேலை செய்த லாட்ஜில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “குவைத்துலேர்ந்தா? உங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு அவ்ளோ பவராம்மா?” அந்தச் செயற்கைக்கோளே முக்கியமாக நம் நாட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான் என்று வேறு விளக்கினார். எனக்கு மானம் போயிற்று. சாயங்காலம் வரைக்கும் என் கணவர்மேல் கோபமாக இருந்தேன். ஆனால் என் சந்தோசத்துக்காக அந்த வெயிலில் நின்று வெறும் வானத்தைப் பார்த்தாரே என்று நினைத்ததும், அவரை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. பொறுக்க முடியாமல் லாட்ஜ் வாசலிலிருந்தே கூப்பிட்டேன். ராக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“எப்ப மாமா வர?”

“தீபாவளிக்கு. வந்துடறேன், வந்துடறேன்.”

அதே குரல். நேற்று எப்படிச் சொன்னாரோ, அப்படியேதான் சொன்னார்.

“சரி மாமா” என்றேன்.