குஞ்சுகள் தலை தூக்கிய காலை

“ஆடி 28. காலை: கடலைப் பிண்ணாக்குத் தூளும் தவிடும் சரிபாதி, இரண்டு கைப்பிடி. மாலை: அதே அளவு. ஆடி 29. விடியலில் குஞ்சுகள் தலை தூக்குகின்றன. கூடுதலாக இரண்டு கைப்பிடி.”

பழைய மீன் தீனிக் குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்துதான். ஆண்டு எழுதவில்லை, ஏரி நிரம்பி வழிந்ததை வைத்து 1956 என்று கொள்கிறேன்.

பாகலூர்ப் பக்கம் அக்கா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். மீன் லாபம் தரும் என்று நான் அரித்தெடுத்ததால், மாமா மல்பெரித் தோட்டத்தின் ஒரு மூலையைத் தோண்டி, கெண்டைக் குஞ்சு விடக் குட்டையாக்கினார். குஞ்சுகள் செத்தால் அதை மூடிவிட்டு மறுபடி செடி நடுவதாகப் பேச்சு. நான் தூங்கியது குறைவு.

மழை மூட்டம் நான்கு நாளாக விலகவில்லை. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புழு தலை தூக்கி அலைந்தால் பசி. உடனே இலை போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. நானும் யோசிக்காமல் அள்ளிப் போட்டேன்.

மறுநாள் இருபது முப்பது குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. குஞ்சு கொடுத்த மீன்துறை அதிகாரி தந்திருந்த அச்சுத்தாளை அப்போதுதான் முழுவதும் படித்தேன். மூட்டமான நாளில் விடியலில் மீன் மேலே வந்தால் தண்ணீரில் காற்று குறைந்திருக்கிறது. தீனியை நிறுத்து, புதுத் தண்ணீர் விடு. தின்னாத தீனி அழுகினால் இருக்கிற காற்றும் போய்விடும்.

“பட்டினி போடப் போறியாடா? வாயத் தொறந்து கேக்குதுங்க பாரு,” என்றாள் அக்கா.

“பசியில்லக்கா. மூச்சு முட்டுது.”

“தண்ணிக்குள்ளயே பொறந்ததுக்கு மூச்சு முட்டுதாம்!”

மாமா கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலையில் மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “மீனுக்கு வேளாவேளைக்குச் சீட்டு எழுதுறியே மாப்ளே, எனக்கும் ஒரு சீட்டு எழுது. இன்னும் களி வரல.”

கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, உயரத் தூக்கிக் குட்டையில் ஊற்றினோம். மூன்று நாள் தீனி இல்லை. அந்த மூன்று நாளும் அக்கா குட்டைப் பக்கமே வரவில்லை. நான் அரை மணிக்கொரு தரம் போய், மிதப்பவற்றை முறத்தில் அள்ளினேன். நான்காம் நாள் வெயில் வந்தது. ஒன்றும் மேலே வரவில்லை. பிழைத்துக் கீழே இருக்கின்றனவா, எல்லாம் முடிந்துவிட்டதா என்று கலங்கிய தண்ணீரில் தெரியவில்லை. ஒரு சிட்டிகைத் தூள் தூவினேன். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சிலிர்த்தது.

புரட்டாசியில் மழை கொட்டி, குட்டையும் பக்கத்து ஏரியும் ஒன்றாகிவிட்டன. எண்ணிப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. மாசியில் ஏரியில் வலை இழுத்தபோது முழங்கை நீளத்தில் ஏழு கெண்டைகள் கிடைத்தன. “நம்ம குட்டைதான்,” என்று மாமா ஊரெல்லாம் சொன்னார்; குட்டையை மூடவில்லை.

எல்லைக்கு அப்பால், மைசூர் மாநிலத்து மேட்டு ஏரி ஒன்றிலும் அந்த ஆண்டு குஞ்சு விட்டதாகக் கேள்வி. அது வழிந்தால் எங்கள் ஏரிக்குத்தான் வரும். அந்த ஏழும் எங்களுடையவைதானா என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.