மூன்று கையெழுத்து, மூன்று தொழில்

என் அத்தைக்குத் தெருவில் கொத்தமல்லி என்று பெயர். அவள் கொத்தமல்லி விற்றதே இல்லை. காலை ஆறு மணிக்குக் கூடையோடு கிளம்புவாள். கூடையின் மேலே ஒரு கட்டுக் கொத்தமல்லி எட்டிப் பார்க்கும். திங்கட்கிழமை எட்டிப் பார்த்த அதே கட்டு வியாழக்கிழமையும் பார்க்கும், வாடிப்போய், தலை சாய்ந்து. அதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது: ஒரு கிண்ணம், இரண்டு பிரஷ், பழைய துண்டு, கறுப்பு டை பாக்கெட்டுகள்.

அத்தை ஆண்களுக்குத் தலையில் டை அடிப்பவள். வீடு தேடிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு. எங்கள் பேட்டையில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலை காக்கை முதுகு மாதிரி மினுமினுக்கும். கேட்டால், "எங்க பரம்பரைக்கே நரை கிடையாதுப்பா" என்பார்கள். அந்தப் பரம்பரையெல்லாம் பதினெட்டு வருஷமாக அத்தையின் கூடைக்குள்தான் குடியிருக்கிறது. யாருக்கு எந்தத் தேதியில் காதோரம் வெளுக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருத்தர் பெயரைக்கூட அவள் வாயிலிருந்து நான் பிடுங்கியதில்லை. பின்னாலேயே ஒளிந்து போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

சிக்கல் முட்டியில் ஆரம்பித்தது. அவளுடைய ஆட்கள் எல்லாம் மூன்றாவது மாடி, நாலாவது மாடி. படியேறும்போது அவள் முட்டி எழுப்புகிற சத்தம் அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டும். அந்தச் சமயம் பார்த்து, மார்க்கெட் கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை காலியானது. தண்ணீர்க் குழாய் உண்டு. ஒரு சுழல் நாற்காலி போட இடம் உண்டு. அத்தை மூன்று தடவை போய் அந்த அறைக்குள் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

"தொழில் பதிவுச் சான்றிதழ் காட்டினாத்தான் சாவி," என்றார் கட்டடக்காரர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் செருப்புக் கடைக்காரருக்குக் குடுத்துடுவேன்."

ஒன்பதாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவள் என்பதால், படிவம் நிரப்ப அத்தை என்னைத்தான் நம்பினாள். திங்கட்கிழமை வரி அலுவலகம் போனோம். நாலாம் நம்பர் ஜன்னலில் ஓர் அம்மா, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத ரகம்.

"என்ன தொழில்?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். வரிசையில் மூன்றாவது ஆளாகப் போட்டோ ஸ்டூடியோக்காரர் நின்றிருந்தார், கையிலிருந்த ரசீதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டு. அத்தையிடம் டை அடித்துக்கொள்கிற ஆள்.

"சேவைங்க," என்றாள்.

"என்ன சேவைம்மா?"

"வீட்டுக்குப் போய்ச் செய்யறதுங்க. கதவ சாத்திட்டு. ஆம்பளைங்களுக்கு மட்டும்."

வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்தியது. நான் அத்தையின் காலை மிதித்தேன். அவள், "ஏன்டி மிதிக்கிற?" என்று சத்தமாகக் கேட்டாள்.

ஜன்னலம்மா மூச்சை இழுத்து விட்டார். "உங்ககிட்ட சேவை வாங்கினவங்க மூணு பேர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். என்ன சேவைன்னு அவங்களே எழுதட்டும். அதைப் பாத்து நான் தொழில் வகை போட்டுக்கறேன். அடுத்த ஆள்!"

அத்தைக்கு நாற்பத்தொரு வாடிக்கையாளர்கள். மூன்று கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம்.

"நான் டையே அடிக்கிறதில்லையேம்மா," என்றார் ஸ்டூடியோக்காரர். சொல்லும்போது அவர் தலை முழுக்க டை. நெற்றியில் ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் துடைத்துவிட்டு, "ஆமாங்க சார்," என்றாள். வாலிபால் கோச், "பசங்களுக்குத் தெரிஞ்சா என்னைப் பெருசுன்னு கூப்பிடுவானுங்க," என்றார். இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் சொல்லவில்லை. கடைசியில் இருவரும் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்: எழுதி, கவரில் போட்டு, ஒட்டித்தான் தருவார்கள். பிரிக்கக் கூடாது.

மூன்றாவது ஆள் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர். எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை, மீசைக்கும் சேர்த்து டை. கை நடுக்கத்தில் ஒரே ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. கவரை ஒட்டியதும், முத்திரை குத்துகிற இடத்தில் பழக்கதோஷத்தில் முஷ்டியால் ஒரு குத்து வைத்தார்.

அத்தை கவர்களைப் பிரிக்கவிடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

புதன்கிழமை ஜன்னலம்மா பிரித்துப் படித்தார். "ஒண்ணு: 'இவர் என் ஸ்டூடியோவில் தூசி தட்டித் தருவார்.' ரெண்டு: 'இவர் என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவார்.' மூணு: 'இவர் எனக்கு நகம் வெட்டிவிடுவார்.'"

அத்தை ஜன்னலுக்குள் தலையை நீட்டி அந்தக் காகிதங்களைப் பார்த்தாள்.

"தூசி தட்டறது துப்புரவு. தைலம் உடல் பராமரிப்பு. நகம் வேற வகை. மூணுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கட்டணம், வருஷத்துக்கு மூணு கணக்கு. ஏம்மா, நீங்க ஒரு ஆளா, மூணு ஆளா?"

"ஒரே ஆளுதாங்க."

"அப்ப மூணு பேரும் ஒரே வேலையை எழுதட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள."

வாசல் படியில் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைச் சொல்லிடு அத்தை. அவங்க மானம் போனா உனக்கென்ன?"

"பதினெட்டு வருஷமா கதவ சாத்திட்டுத்தானடி செஞ்சேன். இப்ப ஒரு நாற்காலிக்காகத் தெறந்து விடவா?"

"அப்ப மூணு பேரையும் ஒரே பொய்யை எழுதச் சொல்லு."

"பொய்யெல்லாம் கவர்மெண்டுக்கு எழுதக் கூடாது," என்றாள். பிறகு எழுந்து நேராக மருந்துக் கடைக்குப் போய் ஒரு நகவெட்டி வாங்கினாள். "பொய்யா இருந்தாத்தானே தப்பு?"

அன்று சாயங்காலமே ஸ்டூடியோக்காரருக்கும் கோச்சுக்கும் பத்து விரலையும் வெட்டிவிட்டு, எதிரில் காகிதத்தை வைத்தாள். "இப்ப எழுதுங்க. நடந்ததைத்தான எழுதறீங்க!" கோச் தன் விரல்களை விரித்துப் பார்த்து, "நல்லாத்தான் வெட்டியிருக்கே," என்று கையெழுத்துப் போட்டார்.

போஸ்ட்மாஸ்டர் ஏற்கெனவே எழுதிவிட்டார். அதை உண்மையாக்குவதுதான் பாக்கி. கையை நீட்டச் சொன்னாள். நகங்கள் நீளமாக, கோணல்மாணலாக இருந்தன. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி; தானே வெட்டப் பார்த்திருக்கிறார்.

"நகம்னு ஏன் சார் எழுதினீங்க?"

"எழுதறப்ப என் கையைத்தானேம்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

அத்தை அந்தக் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். மூன்றாவது விரலுக்கு வரும்போது நடுக்கம் நின்றிருந்தது. அவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் ஒரு கிண்டல் யோசித்து வைத்திருந்தேன். எங்கே போனதோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குச் சான்றிதழ் கையில் கிடைத்தது. நகப் பராமரிப்புச் சேவை.

"உங்க வருமானத்துக்கு வரி கிடையாது," என்றார் ஜன்னலம்மா. "வருஷா வருஷம் கணக்கு மட்டும் குடுங்க. பில் போடணும், பில்லுல என்ன வேலைன்னு இருக்கணும்."

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. "பதினெட்டு வருஷம் படி ஏறியிருக்கேங்க. ஒண்ணுமேவா வராது? நல்லாப் பாருங்க, கொஞ்சமாவது வரி போடுங்க."

அன்றுதான் முதல் தடவையாக அந்த முகம் அசைந்தது. "இந்த ஜன்னல்ல இப்படி யாரும் கேட்டதில்லம்மா. போய்ட்டு வாங்க."

இப்போது அறை வாசலில் 'இங்கு நகம் வெட்டப்படும்' என்று பலகை தொங்குகிறது. எழுத்து என்னுடையது. முன்பு விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பட்டப்பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார்கள். "நகம் வெட்டணும்மா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி உள்ளே போய், முக்கால் மணி நேரம் கழித்துக் கன்னங்கரேலென்று வெளியே வருகிறார்கள். நகம் வெட்டாமல் அத்தை பிரஷ்ஷைத் தொடுவதில்லை. போன வாரம் ஸ்டூடியோக்காரர் வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நகமே இல்லாம நான் எப்படி சார் பில் போடறது? போய் வளத்துட்டு வாங்க!"

அவர் காதோர நரையோடு ஐந்து நாள் நகம் வளர்த்தார். வாங்குகிற காசு முழுசும் பில்லில் இருக்கிறது, நகமும் வெட்டியாகிவிட்டது, டை கொசுறு, இதில் பொய் எங்கே என்று அத்தை கேட்கிறாள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

போஸ்ட்மாஸ்டருக்கு டை மாதம் ஒரு முறைதான். ஆனால் புதன்கிழமை தவறாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். வெட்ட ஒன்றும் இருக்காது. அத்தை அந்தக் கையை எடுத்து வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வொரு விரலாகப் பார்த்து, "இன்னும் வளரலியே சார்," என்பாள்.

"அப்படியா? சரி, அடுத்த வாரம் பாப்போம்."

அதற்கு அவள் பில் போடுவதில்லை.