தளபதி திருந்திய விதம்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. மாதம் ஒன்று, பிரதியும் ஒன்றுதான். பட்டுத்தறி நெய்கிற நாங்கள் நாலைந்து பேர் எழுதி, படம் வரைந்து, ஊசிநூலால் தைத்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று அனுப்புவோம். கடைசி நாலு பக்கம் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் அதில் ஒரு வரியாவது எழுதிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ‘படம் சுமார்’, ‘சண்டை போதாது’ என்று தெருவே எங்களுக்கு மார்க் போட்டது.

அதில் நான் ஒரு பெரிய மாயாஜாலத் தொடர்கதை எழுதிவந்தேன். ஏழு மலைநாடுகள், பறக்கும் யானைகள், பேசும் ஆறு, எல்லாம் உண்டு. எனக்கு வயது இருபத்து நாலு. தலைக்கனம் அறுபது வயதுக்குக் காணும். என் இளவரசன் முதல் அத்தியாயத்தில் எவ்வளவு வீரனோ பதினைந்தாம் அத்தியாயத்திலும் அவ்வளவே வீரன். பகைவருக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட தளபதி ஒருவனும் இருந்தான். அவனைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு முனிவரைக் கூப்பிட்டு அவன் தலையைத் தொடவைத்தேன். பொலபொலவென்று அழுதான், அடுத்த பக்கத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் வாளோடு நின்றான். எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பத்திரிகை பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தது. அந்த வீட்டு அக்கா தனியாக ஒரு தறி வைத்து நெய்துகொண்டிருந்தார். ‘ஒரே பக்கத்தில் திருந்திவிட்டான் என்றால் நான் எப்படி நம்புவது?’ என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

அக்கா தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“தம்பி, சேலை முந்திக்கு கலர் மாத்துறப்போ நாம என்னா பண்றோம்? பழைய இழையோட புது இழைய ஒண்ணொண்ணா சேத்து, ரெண்டையும் கொஞ்ச தூரம் ஒண்ணா ஓட்டிட்டு, அப்புறம்தானே பழச அறுக்கறோம்? நீ எடுத்ததுமே அறுத்துட்டுக் கீற. இழுத்தா கையோட வந்துடும். அப்படி என்னா ஜல்தி உனக்கு?”

தினமும் தறியில் உட்காருகிறவன் நான். நெய்கிற சேலையில் அந்தத் தவறைச் செய்வேனா? கதையில் கூசாமல் செய்திருந்தேன். அக்கா குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்.

“திருந்திட்டேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காரு. சொன்னா ஆச்சா? எப்படித் தெரிஞ்சிக்கறதுன்னு உன் கதையில இருக்கும்னு பாத்தேன்.”

அவர் கணவரைத்தான் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போனவர், இப்போது போளூரில் தங்கை வீட்டில் வந்து தங்கி, சேர்ந்து வாழலாம் என்று பெரியவர்களைத் தூது விட்டிருந்தார். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. சேர்ந்து வாழ்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு மனுஷி என் கதையைப் புரட்டியிருக்கிறார். நான் அவர் கையில் ஒரு முனிவரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம், முனிவர் வந்தது தளபதி கண்ட கனவு என்று எழுதிச் சமாளித்தேன். மட்டமான வித்தைதான், வேறு வழி தெரியவில்லை. தளபதி இனி தன் காலாலேயே நடந்து கோட்டைக்கு வர வேண்டும்.

அந்த மாதமே அக்காவும் பதில் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை தோறும் வரலாம், வேலை செய்யலாம், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். கணவர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். கதவோரம் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தார். தண்ணீர்கூடக் கேட்டு வாங்கவில்லை, கொடுத்தால் குடித்தார். நான் எதையும் விடாமல் பார்த்தேன். என் தளபதியும் வாளை வெளியே வைத்துவிட்டு, தான் திறந்துவிட்ட கதவுக்குப் பக்கத்தில் இடிந்த சுவருக்குக் கல் சுமந்தான். நாலைந்து மாதம் இப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கணவரின் குரல் உயர்ந்தது.

“இன்னும் எத்தினி வாரம் இப்படி வந்து போய்கினு இருக்கறது?”

சுற்றிய நூலைப் பாதியில் போட்டுவிட்டு அவர் மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

அதையும் எழுதினேன். தளபதி கல்லை வீசிவிட்டுக் குதிரையேறிப் போனான். பத்திரிகை கைமாறின பிறகுதான் உறைத்தது: அக்காவின் துக்கத்தைத் தெருவெல்லாம் படிக்கக் கொடுத்துவிட்டேன். ஒரு நாளில் திரும்ப வேண்டிய பத்திரிகை அக்கா வீட்டிலிருந்து ஒரு வாரமாகியும் வரவில்லை. போய்க் கேட்கத் தைரியமில்லை. அந்த வாரம் நான் நெய்த சேலையில் இரண்டு இடத்தில் பிசகு.

எட்டாம் நாள் அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தெருவைத் தாண்டாத பத்திரிகை போளூர்வரை போய் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எனக்குப் பழக்கமில்லாத கையெழுத்து: ‘தளபதி கோபித்துக்கொண்டு போனது தவறு. திரும்பி வருவான் என்று எழுதலாம்.’ அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து: ‘வந்தால் எழுது.’

அதற்குப் பிறகு எத்தனையோ ராஜ்ஜியங்களைக் கட்டி இடித்திருக்கிறேன், புத்தகங்களாகவும் வந்தன. ஒரு பாத்திரம் அவசரமாக நல்லவனாகும்போதெல்லாம் என் பேனாவை அந்த இரண்டு வரிகள்தான் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. என் அத்துமீறலைப் பொறுத்து, எனக்கு எழுத்தையும் கொடுத்த அந்த இருவருக்கும் நான் பட்ட நன்றிக்கடன் பெரிது.

பத்திரிகை திரும்பி வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் தறிப்பக்கமே போகவில்லை. போளூர் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். பஸ் ஹாரன் கேட்டு வெகுநேரம் கழித்து அவர் தெருமுனையில் திரும்பினார், அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். “உள்ள கொண்டாந்து வுடுங்க” என்றது அக்காவின் குரல். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.